ஸ்பிட்டியில் பார்த்தது ஃபிஞ்ச்தான், மாடியில் வளர்ப்பதுதான் இல்லை

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் அல்லவா. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மாடியில் ஆறு ஜோடி ஃபிஞ்ச் வளர்க்கிறீர்கள். ஜூன் கடைசியில் இமாச்சலத்தின் ஸ்பிட்டி பக்கம் போனபோது, சந்திரதால் ஏரிக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஐம்பது அறுபது சின்னப் பழுப்புக் குருவிகள் மொத்தமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஜீப் ஓட்டியவர் ‘மவுண்டன் ஃபிஞ்ச்’ என்றார். இதுவும் உங்கள் மாடியில் இருப்பதும் ஒரே இனமா? அவ்வளவு உயரத்தில் அது எப்படிப் பிழைக்கிறது? குளிர்காலத்தில் நம் பக்கம் வருமா? ஒரு ஜோடி கிடைத்தால் கடலூரில் வளர்க்கலாமா? இதுதான் கேள்வி. போகிற போக்கில், மே மாதம் இட்ட முட்டை ஒன்றுகூடப் பொரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் கடைசியில் வருகிறேன்.

ஜீப்காரர் சொன்னது சரி. அது அசல் ஃபிஞ்ச். உங்கள் மாடியில் இருப்பதுதான் ஃபிஞ்ச் இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். தப்பு உங்களுடையதும் இல்லை, கடைக்காரருடையதும் இல்லை. நம் ஊர்க் கடைகளில் ‘பிஞ்சஸ்’ என்றுதான் சொல்வார்கள். “அண்ணே, பிஞ்சு ஜோடி என்ன விலை?” என்று யாராவது கேட்டால் எனக்கு வெண்டைக்காய்க் கடையில் நிற்பது போலவே இருக்கும். அங்கே விற்கும் ஜீப்ரா ஃபிஞ்ச் ஆஸ்திரேலியாக்காரர். பெங்காலி ஃபிஞ்ச் என்று வெள்ளையும் காப்பிக்கலருமாக ஒன்று விற்கிறார்களே, அது வெண்முதுகுச் சில்லையைத் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்த்து உண்டாக்கிய பறவை, வங்காளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் சில்லைக் குடும்பம். நம் பாகூர் ஏரிப் பக்கம் நெல் முற்றும்போது கதிரில் தொங்கிக்கொண்டு கொறிக்கும் நெல்லுக்குருவிகள் இருக்கின்றன பாருங்கள், அவற்றுக்கு உங்கள் ஜீப்ரா ஃபிஞ்ச் ஒன்றுவிட்ட தம்பி முறை. ஸ்பிட்டியில் பார்த்தது வேறு வம்சம். கேனரி, கோல்டுஃபிஞ்ச் எல்லாம் அந்த வம்சத்தில் வரும்.

இந்தக் குழப்பம் ஏன் வந்தது என்றால், ஆங்கிலேயர் தங்கள் ஊரில் ஒரு குருவியை ஃபிஞ்ச் என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். பிறகு உலகத்தில் எங்கே போனாலும், குட்டையாய், கூம்பாய், விதை உடைக்கும் அலகோடு ஒரு சின்னப் பறவையைக் கண்டால் அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். பாக்குவெட்டி எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்காக எல்லாரும் பங்காளியாகிவிட முடியுமா? விதையை உடைக்க அப்படி ஓர் அலகு வேண்டும், அதனால் வெவ்வேறு குடும்பங்களில் தனித்தனியாக அந்த அலகு உருவாகியிருக்கிறது. பள்ளிப் பாடத்தில் வரும் கலாபகஸ் தீவு டார்வின் ஃபிஞ்ச்களே உண்மையில் ஃபிஞ்ச் இல்லை. அவை தென்னமெரிக்க டேனேஜர் குடும்பம். இமயத்திலும் இதே கூத்து உண்டு. ‘ஸ்னோஃபிஞ்ச்’ என்று அங்கே ஒன்று இருக்கிறது, அது நம் வீட்டுச் சிட்டுக்குருவியின் குடும்பம். ஆக ஃபிஞ்ச் என்பது அலகுக்கு வைத்த பெயர், குலத்துக்கு வைத்த பெயர் இல்லை என்று எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்கள் மாடியிலேயே இதைச் சரிபார்க்கலாம். அடுத்த முறை குஞ்சு பொரித்து மூன்றாம் நாலாம் நாளில் அது வாயைத் திறக்கும்போது உள்ளே பாருங்கள். அண்ணத்தில் மை தொட்டு வைத்தது போல் கறுப்புப் புள்ளிகள் ஒரு கணக்காக இருக்கும். அது சில்லைக் குடும்பத்தின் அடையாளம், அசல் ஃபிஞ்ச் குஞ்சுகளின் வாயில் அந்தப் புள்ளிக்கோலம் கிடையாது. கூட்டையும் பாருங்கள். பானைக்குள் நார் போட்டால் உங்கள் பறவை மேலேயும் மூடி உருண்டையாக்கப் பார்க்கும், அசல் ஃபிஞ்ச் கிண்ணம் மாதிரி திறந்த கூடுதான் கட்டும். இன்னொன்றும் இருக்கிறது. கோழி தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அலகில் கொஞ்சம் எடுத்துத் தலையைத் தூக்கி விழுங்கும். பெரும்பாலான பறவைகள் அப்படித்தான். ஜீப்ரா ஃபிஞ்ச் புறா மாதிரி, அலகை உள்ளே வைத்தபடி, தலையைத் தூக்காமலே குடிக்கும். வறண்ட ஆஸ்திரேலியாவில் கிடைத்த குட்டையில் சட்டென்று குடித்துவிட்டுப் பறக்க வேண்டிய பிழைப்பு அதற்கு.

நிறத்தை வைத்தும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது, அதை நான் பத்து வயதிலேயே கற்றுக்கொண்டேன். புதுச்சேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் கேரியரில் மூங்கில் கூடையோடு வந்த ஒருவரிடம் அப்பாவை நச்சரித்துப் பச்சைக் குருவி ஒரு ஜோடி வாங்கினேன். கிளிப்பச்சை. “சிங்கப்பூர்க் குருவி தம்பி” என்றார் அவர். வீட்டுக்கு வந்ததும் கூண்டில் ஒரு பீங்கான் சாசரில் தண்ணீர் வைத்தேன். ஒன்று உள்ளே இறங்கி, வாலை ஆட்டி, இறக்கையைச் சிலிர்த்துக் குளித்தது. தண்ணீர் பச்சை. குருவியின் மார்பில் பச்சை வடிந்த இடத்தில் மீன் செதில் மாதிரி பழுப்பு வளையங்கள். மூன்று குளியலில் முழுசாக வெளுத்து, எங்கள் வயலில் தினமும் பார்க்கிற புள்ளிச் சில்லையாகிவிட்டது. அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் அப்பா இரண்டையும் கொண்டுபோய் ஊசுட்டேரிக் கரையில் விட்டுவிட்டார்.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பியதில் முதல் படம் ஆடியிருக்கிறது, இரண்டாவது போதும். சிட்டுக்குருவி அளவு, 15 சென்டிமீட்டர் இருக்கும். முதுகில் பழுப்புக் கோடுகள், அடிவயிறு கோடு இல்லாத மங்கலான சாம்பல் பழுப்பு, மடக்கிய இறக்கையின் மேல் இரண்டு வெளிறிய பட்டைகள், வால் நுனியில் சின்னப் பிளவு. ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே தோற்றம். இது ‘ப்ளெயின் மவுண்டன் ஃபிஞ்ச்’, சாதா மலை ஃபிஞ்ச் என்று சொல்லலாம். பெயரிலேயே ‘சாதா’ என்று வைத்துவிட்டார்கள், பாவம். பக்கத்தில் உட்கார்ந்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றாத பறவைதான். ஆனால் கூட்டமாகப் பறக்கும்போது வேறு கதை. திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, வளைந்து, ஏதோ ஒருவர் சால்வையை உதறியது போல் திரும்பி, கிளம்பிய இடத்துக்குப் பத்தடி தள்ளி மறுபடி இறங்கும். இறங்கியதும் புல்லோடு புல்லாகக் காணாமல் போய்விடும். நீங்கள் ‘காரணமே இல்லாமல் பறந்து பறந்து அங்கேயே உட்கார்ந்தன’ என்று எழுதியதைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

அதே இடத்தில் இன்னும் இரண்டு பறவைகள் உங்களை ஏமாற்றக்கூடும். பிராண்ட் மலை ஃபிஞ்ச் கொஞ்சம் பெரியது, உடம்பு சாம்பல், கோடை வந்தால் முகம் கரி பூசியது போல் கறுத்துவிடும், இறக்கையில் அந்த இரண்டு பட்டை இருக்காது. புல் குறைந்து கல் மிகுந்த இன்னும் உயரமான இடங்களில்தான் அது அதிகம். மற்றது முன்னே சொன்ன ஸ்னோஃபிஞ்ச். உட்கார்ந்திருக்கும்போது அதுவும் பழுப்புதான், பறந்தால் இறக்கையில் வெள்ளை பளிச்சிடும். உங்கள் இரண்டாவது படத்தில் வலது ஓரத்தில், கல்லுக்கு மேலே எழும்புகிற ஒன்றின் இறக்கையில் வெள்ளை தெரிகிறது. அது ஸ்னோஃபிஞ்ச். ஒரே படத்தில் ஒரு ஃபிஞ்ச் கூட்டமும், ஃபிஞ்ச் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு சிட்டும் எடுத்திருக்கிறீர்கள்!

இந்தப் பழுப்புப் பறவைகளில் தடுமாறுவதற்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை. 1929-இல் டச்சுக்காரர்களின் காரகோரம் பயணக்குழுவில் போன சில்லெம் என்பவர், திபெத்தியப் பீடபூமியின் மேற்குப் பகுதியில் 5,125 மீட்டர் உயரத்தில் இரண்டு ஃபிஞ்ச்களைப் பிடித்துப் பாடம் செய்து ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அவற்றை பிராண்ட் மலை ஃபிஞ்ச் என்று சீட்டு எழுதி இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். வைத்தது வைத்தபடி 60 வருஷம். 1992-இல் ரோசலார் என்ற ஆய்வாளர் அதே இழுப்பறைப் பறவைகளை உற்றுப் பார்த்து, இது பிராண்ட் இல்லை, உலகத்துக்கே தெரியாத புது இனம் என்று அறிவித்து, பிடித்தவர் பெயரையே வைத்தார். (புதுச்சேரிக்கு இதில் வியப்பில்லை. இங்கே இருந்த பிரெஞ்சுக்காரர் சொன்னரா பெயரைச் சாம்பல் காட்டுக்கோழி இன்றும் தன் அறிவியல் பெயரில் தூக்கிக்கொண்டு திரிகிறது.) ஆனால் உயிரோடு ஒன்றையும் யாரும் பார்க்கவில்லை. 2012-இல் சீனாவின் சிங்காய் மாகாணத்தில், முதலில் பிடித்த இடத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே, மலை நடை போன யான் முசிகா என்ற பிரெஞ்சுக்காரரின் கேமராவில் அது விழுந்தது. அதன் பிறகு டி.என்.ஏ. பார்த்தபோது கதை மறுபடி திரும்பியது. மலை ஃபிஞ்ச் என்று நினைத்தது மலை ஃபிஞ்சே இல்லையாம், ரோஸ்ஃபிஞ்ச் வகையாம். கையில் வைத்துப் பார்த்தவர்களே இவ்வளவு தூரம் ஏமாந்திருக்கும்போது, ஜீப் ஜன்னலில் இருந்து பார்த்த நமக்கு என்ன.

அடுத்து உங்கள் முக்கியமான கேள்வி. சந்திரதால் கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் கடலூரில் இருப்பதில் 60 சதவீதம் அளவுதான், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. உங்களுக்கே ஏரியைச் சுற்றி நடக்க மூச்சு வாங்கியது என்கிறீர்கள். பறவைக்கு அந்தச் சிரமம் நம்மைவிடக் குறைவு. நம் நுரையீரலில் காற்று போன வழியே திரும்பி வருகிறது, உள்ளே எப்போதும் கொஞ்சம் பழைய காற்று தங்கிவிடும். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகள் இணைந்திருக்கின்றன. காற்று ஒரே திசையில் ஓடும். மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் நுரையீரலுக்குப் புதுக்காற்று போய்க்கொண்டே இருக்கும். இது எல்லாப் பறவைக்கும் பொது, உங்கள் மாடிப் பறவைக்கும் உண்டு. அதனால் அங்கே பறவைக்குப் பெரிய பிரச்சினை மூச்சு இல்லை, சோறு.

சோறு கிடைக்கும் காலம் அங்கே மிகச் சுருக்கம். பனி உருகி, புல் முளைத்து, விதை பிடித்து, மறுபடி பனி விழுவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆனாலும் இந்தப் பறவை அவசரப்படாது, அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் ஊர்ப் பறவைகள் பல கோடையிலேயே கூடு கட்டி முடித்திருக்கும். இது ஜூனிலும் கூட்டமாகவே திரியும். பனி உருகும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நகரும். பனி விலகிய அன்றைக்குத்தான் போன வருஷத்து விதைகள் வெளியே தெரியும், ஈரமாக, மெத்தென்று. நீங்கள் பார்த்த கூட்டம் பனிக்கும் புல்லுக்கும் நடுவில் அந்தச் சேற்று விளிம்பில்தானே இருந்தது? பனியின் மேலேயே கூட மேயும். கீழே பள்ளத்தாக்கிலிருந்து காற்று தூக்கிவரும் பூச்சிகள் பனியில் விழுந்து விறைத்துக் கிடக்கும், குளிர்பெட்டியில் வைத்த மாதிரி. கூடு கட்டுவது அதற்கும் அப்புறம்தான். மரமே இல்லாத இடம் என்பதால் பாறை இடுக்கு, உருண்டு கிடக்கும் கல்லுக்கு அடி, சில சமயம் எலிவகைப் பிராணிகள் விட்டுப்போன வளை, இவைதான் வீடு. நாலைந்து வெள்ளை முட்டை.

குஞ்சுக்கு இரை கொண்டுவருவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேய்ச்சல் ஒரு பக்கம், கூடு ஒரு பக்கம், நடுவில் எதிர்காற்று. ஒவ்வொரு விதையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தால் கட்டுப்படியாகாது. இதே பேரினத்தைச் சேர்ந்த வட அமெரிக்க மலை ஃபிஞ்ச்களுக்குக் கூடு கட்டும் காலத்தில் மட்டும் வாய்க்கு அடியில் இரண்டு பைகள் உருவாகின்றன. கடைக்குப் போகும்போது மட்டும் மஞ்சள் பை எடுத்துப்போகிற மாதிரி. காலம் முடிந்ததும் பை சுருங்கிவிடும்.

குளிர்காலத்தில் நம் பக்கம் வருமா என்றால், வராது. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். வலசை என்றதும் வடக்கிலிருந்து தெற்கே என்றுதான் நினைக்கிறோம். லடாக் ஏரிகளில் முட்டையிடும் வரித்தலை வாத்து திருநெல்வேலிக் கூந்தங்குளம்வரை வருகிறதே, அதைப் பார்த்துப் பழகிய கண். மலை ஃபிஞ்ச் வரைபடத்தில் நகர்வதில்லை, சரிவில் நகர்கிறது. பனி இறங்க இறங்க அதுவும் இறங்கும், இரண்டாயிரம் மூவாயிரம் மீட்டர் அளவில் காட்டோர வெளிகளிலும் மலைக்கிராமத்து அறுத்த வயல்களிலும் நூற்றுக்கணக்கில் சேர்ந்து மேயும், வெயில் வந்ததும் பனியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே மேலே ஏறும். 1836-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் காத்மாண்டுவில் இருந்த ஹாட்ஜ்சன். அவர் வைத்த லத்தீன் பெயரின் இரண்டாம் சொல்லுக்குச் ‘சோலையில் குடியிருப்பது’ என்று பொருள். மரமே முளைக்காத உயரத்தில் குஞ்சு பொரிக்கும் பறவைக்கு இப்படி ஒரு பெயரா என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பனிக்காலத்தில் காட்டோரம் இறங்கி நிற்பதை நினைத்தால் பாதி வருஷத்துக்குச் சரிதான்.

தென்னாட்டில் இதற்கு இடமே இல்லை என்பதற்கு ஒரு கணக்குப் போதும். விந்தியத்துக்குத் தெற்கே உயரமான சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். தொட்டபெட்டா 2,637. இந்தப் பறவை கூடு கட்டத் தொடங்கும் உயரமே அதற்கு மேலே. நீலகிரியின் உச்சி அதற்குக் குளிர்கால அடிவாரம் மாதிரி. நம் மலைப் புல்வெளிகளில், முக்குர்த்தி, அவலாஞ்சி பக்கம், கோடு போட்ட பழுப்புக் குருவி ஒன்று புல்லுக்குள் ஓடுவதைப் பார்த்தால் அது பெரும்பாலும் நீலகிரி நெட்டைக்காலி. அலகைப் பாருங்கள், ஊசி மாதிரி மெல்லிசாக இருக்கும், அது பூச்சி பொறுக்குகிற அலகு. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை அது. இமயத்து ஃபிஞ்சைத் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் தாண்டிப்போவதில் எனக்கு நெடுநாள் வருத்தம்.

அசல் ஃபிஞ்சைத் தமிழ்நாட்டில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. ரோஸ்ஃபிஞ்ச் வகைகளில் ஒன்று, ஆண் ரோஜாச் சிவப்பு, பெண் வெறும் பழுப்புக் கோடு, குளிர்காலத்தில் நீலகிரி, பழனி மலைகள்வரை இறங்கிவரும். ஜனவரியில் கொடைக்கானல் பக்கம் போனால் புதர் ஓரங்களில் நின்று பாருங்கள்.

வளர்க்கலாமா என்ற கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை: கூடாது. இந்தியக் காட்டுப்பறவை எதையும் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், 1990-91 முதல் இந்த வியாபாரத்துக்கு முழுத் தடை. சில்லைக்கும் இதே சட்டம்தான், அந்தப் பச்சைக் குருவிக்காரர் இப்போது வந்தால் மாட்டிக்கொள்வார். சட்டத்தை விடுங்கள், பறவைக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். பனி விளிம்பில் மேய்கிற உடம்பைக் கொண்டுவந்து அக்னி நட்சத்திரத்தில் கடலூர் மாடியில் வைத்தால் ஒரு வாரம் தாங்காது.

ஆஸ்திரேலியப் பாலைவனத்து உங்கள் ஜீப்ரா ஃபிஞ்சே தடுமாறுகிறது பாருங்கள், முட்டை விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். தகர ஷீட்டுக்கு அடியில் பானை என்கிறீர்கள். அடுத்த முறை முட்டையிட்டு ஆறாம் நாள், இருட்டில் மொபைல் டார்ச்சின் மேல் முட்டையை மெதுவாக வைத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது, அது பிறகு பொரியாவிட்டால் பெரும்பாலும் சூட்டில் செத்தது. ஒன்றுமே தெரியாமல் தெளிவாக இருந்தால் கூ முட்டை, ஜோடியிலோ தீனியிலோ குறை. இரண்டுக்கும் சேர்த்து, ஏப்ரல், மே இரண்டு மாதமும் பானையை எடுத்துவிடுங்கள், ஓய்வெடுக்கட்டும். ஷீட்டின் மேல் தென்னங்கீற்று போட்டு மாலையில் நனையுங்கள்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் பாக்கெட் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடலூரில் இருந்துகொண்டு அதற்குக் காசு கொடுக்கலாமா? சில்வர் பீச்சில் காலையில் நடந்தால் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்பார்களே, அதேதான். உடையாததாக நாலு பொறுக்கி வாருங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, தினம் தண்ணீர் மாற்றி, உப்பும் வாடையும் போனதும் வெயிலில் காயவைத்து, மெத்தென்ற பக்கம் உள்ளே பார்க்கும்படி கூண்டுக் கம்பியில் கட்டிவிடுங்கள். முதல் நாள் பயந்து ஒதுங்கும், மூன்றாம் நாள் பெண் பறவைதான் முதலில் கொத்தும்.